மில்பள்ளத்துக் குறை அட்டைகள்

டெல்மோர் நகரம் ஆற்றங்கரையை விட்டு நகராத காலத்தில், மில்பள்ளம் என்பது ஊருக்கு வெளியே கிடந்த வெறும் சேறு. மேட்டில் வெள்ளைக்காரர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலையாகி வந்த கறுப்பர்களுக்குப் பள்ளத்தை விற்றார்கள், அதுவும் ஏதோ பெரிய மனசு பண்ணுவதுபோல. வாங்கியவர்கள் மாவு மில்லின் கரிச்சாம்பலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டி, தொண்ணூறு வருஷத்தில் அதை மனுஷர் வாழும் இடமாக்கினார்கள். அதற்குள் ரயில் வந்து, தொழிற்சாலைகள் வந்து, நகரம் நாலாபக்கமும் வீங்கி, ஒதுக்குப்புறமாக இருந்த பள்ளம் ஊரின் நட்டநடுவில் வந்துவிட்டது. அப்போதுதான் நகராட்சியின் கண் அதன்மேல் விழுந்தது.

1957 வசந்தத்தில், பள்ளத்தில் வீடு வீடாகப் போய்க் குறை எழுத ஆள் தேடினார்கள். வெள்ளைக்காரன் போனால் எவரும் கதவைத் திறக்கமாட்டார்கள். அதனால் பள்ளத்துக்காரரான லூஷியஸ் டாலிவரை எடுத்தார்கள். நாற்பத்தாறு வயது. பெத்தேல் சபையின் வாசலில் வெள்ளைக் கையுறையோடு நின்று, வருகிறவர்களை அழைத்துப்போய் உட்காரவைக்கிற மனிதர். பதினேழு வருஷம் அதே நகராட்சிக் கட்டடத்தில் தரை துடைத்தவருக்கு இப்போது டை, மேசை, பெயர்ப்பலகை. அந்தப் பலகையைப் பார்ப்பதற்கென்றே அவர் மனைவி ஒருநாள் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாள்.

வீட்டுக்கு ஓர் அட்டை; அட்டைக்கு இருபது கேள்விகள். கூரை ஒழுகுகிறதா, கழிப்பறை வெளியே இருக்கிறதா, சுவர் உளுத்திருக்கிறதா. குறைக்கு இவ்வளவு மதிப்பெண் என்று உண்டு. அறுபதைத் தாண்டினால் 'தேறாத வீடு'. எதற்கு இது என்று கேட்டதற்கு அதிகாரி ஹெண்ட்ரிக்ஸ், "வீடெல்லாம் எந்த நெலமையில இருக்குன்னு தெரியணும்ப்பா, வேறென்ன?" என்றார். ரிப்பேர் செய்துதரத்தான் போகிறார்கள் என்று லூஷியஸ் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று அப்படியே அறிவித்தும் விட்டார்.

பாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டீங்களா எல்லாரும்? பிரதர் டாலிவர் வரும்போது கௌரவம் பாத்துக்கிட்டு எதையும் மறைக்காதீங்க. ஒழுகுற எடத்துல எல்லாம் சட்டியை வெச்சே காட்டுங்க!" என்றார். மேட்டுக்காரர்கள் முன்னால் கிழிசலை மறைத்தே பழகிய ஜனங்கள், பீரோவை நகர்த்தி, பாயைச் சுருட்டி, ஓட்டை உடைசலை எல்லாம் லூஷியஸுக்கு ஆசை ஆசையாகக் காட்டினார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, அட்டைக் கட்டைக் கொடுக்கப் போனபோது ஹெண்ட்ரிக்ஸின் மேசையில் ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. ஆற்றிலிருந்து வடக்கே கட்டைவிரல் தடிமனில் சிவப்புக் கோடு. பள்ளத்தில் முக்கால்வாசியை விழுங்கியிருந்தது.

"இது என்ன சார்?"

"ஆறு வரிசையா வண்டி போற பெரிய ரோடு. பாதிக்கு மேல தேறாத வீடுன்னு காட்டினாத்தான் வாஷிங்டன்ல இருந்து பணம் வரும். ஒன் புண்ணியத்துல காட்டியாச்சு. வெளிய மூச்சு விடாத, என்ன?"

லூஷியஸின் கண் முதலில் தேடியது தன் தெருவைத்தான். அது கோட்டுக்கு மூன்று தெரு தள்ளி, பத்திரமாக இருந்தது. அப்பாடா என்று நெஞ்சு இறங்கியது. அடுத்த கணமே, சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று கூசிப்போனார். பாஸ்டரிடம் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாளும் அதையேதான் நினைத்தார். இன்னும் நாற்பது வீடு பாக்கி இருந்தது, போய்க்கொண்டே இருந்தார்.

அந்த நாற்பதில் ஒன்று ஒடெஸ்ஸா ப்ரூயிட்டினுடையது. பள்ளிக்கூடத்துச் சமையற்காரி, விதவை. வீடு அவள் புருஷன் தன் கையாலேயே கட்டியது.

"வாங்க ஆபீசர்! டை கட்டினதும் கழுத்து கொக்கு மாதிரி நீண்டுபோச்சே! மொதல்ல சாப்பிடுங்க," என்று சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரத்தில் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். அவர் சாப்பிட்டார். வீட்டைச் சுற்றி வந்தார். நாற்பத்தொன்று. தேறிவிடும். அட்டையை மூடினார்.

"போதும் சிஸ்டர். வீடு நல்லாத்தான் இருக்கு."

"என்னது போதும்? அடுத்த வீட்டுக்கு அரை மணி நேரம், எனக்கு மட்டும் பத்து நிமிஷமா? ரிப்பேர் லிஸ்ட்ல என்னைக் கழட்டி விடலாம்னு பாக்கறீங்களா? அதெல்லாம் இங்க நடக்காது!"

"வேண்டாம் சிஸ்டர், சொன்னா கேளுங்க..."

அவள் எங்கே கேட்டாள்? படுக்கையறைச் சுவரில், தானே பார்த்துப் பார்த்து ஒட்டிய ரோஜாப்பூக் காகிதத்தை நகத்தால் பிடித்து மேலிருந்து கீழாகக் கிழித்தாள். உள்ளே மரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "எழுதுங்க," என்றாள். லூஷியஸ் எழுதினார். அறுபத்துநாலு.

ரோடு விஷயம் வெளியே வந்து, செப்டம்பரில் நகர மண்டபத்தில் விசாரணை. சபை அமர்த்திய வக்கீல் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்: ரோடு வருவது தெரிந்தும் ரிப்பேர் என்று ஏமாற்றி எழுதிய அட்டை என்று நகராட்சி ஆள் ஒருத்தர் வாய் திறந்தால் போதும், அத்தனையும் செல்லாது, வீடுகள் தப்பும். இரண்டாவது வரிசையில் ஒடெஸ்ஸா நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ்டர் டாலிவர், ரோடு வருதுன்னு தெரிஞ்ச பெறகும் ஏதாவது வீட்டுக்குப் போனீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

ஆமாம் என்றால் வேலை போகும். போகட்டும், தரை துடைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது வரிசைக்குத் தெரிந்துவிடும், தெரிந்தேதான் அவள் வீட்டில் சாப்பிட்டார், தெரிந்தேதான் அவள் சுவரைக் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று. அந்த முகம் மாறுவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இல்ல," என்றார்.

பிப்ரவரியில் பள்ளத்தில் பாதி இடிந்து கிடந்தது. பெத்தேல் சபையும் அடுத்த வாரம் போகப்போகிறது. கடைசி ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்கிற நேரத்தில் ஒடெஸ்ஸா எழுந்தாள். அக்கா மகள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்ததில் ஆள் பாதியாகியிருந்தாள்.

"எனக்கு வீடு போச்சு. ஆனா கர்த்தருக்குத் தோத்திரம். நகராட்சியில இருந்தவங்க எல்லாரும் நம்மள ஏமாத்தினாங்க. ஒருத்தரு மட்டும் ஏமாத்தல. வேண்டாம் சிஸ்டர், வேண்டாம் சிஸ்டர்னு அன்னிக்கு அவரு எவ்வளவோ சொன்னாரு. நான்தான் மூளை கெட்டுப்போய் கிழிச்சுக் காட்டினேன். பிரதர் டாலிவர், இதை நெனச்சு நீங்க ராத்தூக்கம் கெடுத்துக்காதீங்க. தப்பு என்னோடது."

"ஆமென்!" என்றது சபை. அவர் கையுறையோடு நின்ற வாசல் பக்கம் அத்தனை தலைகளும் திரும்பின. உண்மையைச் சொல்வதற்கு இப்போதும் நேரம் இருந்தது. சொல்லி எந்த வீட்டையும் மீட்க முடியாதுதான். லூஷியஸ் வாயைத் திறந்தார்.

"ஆமென்," என்றார்.