பழுப்பு முடியும் இடம்

விற்கிறவர் வீட்டில் இருக்கக் கூடாது என்பது தரகரின் முதல் விதி. மழை மாதத்தில் வீடு காட்டக் கூடாது என்பது இரண்டாவது. இன்றைக்கு இரண்டுமே காற்றில் போயின. கதவைத் திறந்ததே நர்ஸம்மாதான். வானமோ காலையிலிருந்தே மூட்டம்.

ஓய்வு பெற்ற நர்ஸம்மாவுக்கும் வேறு வழியில்லை. ஆற்றோரத் தெருவில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் சாமான்களைப் பரணுக்கு ஏற்றி இறக்கி முழங்கால் தேய்ந்துவிட்டது. மேட்டுத் தெருவில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார். இது விற்றால்தான் அது. வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

வந்தவர்கள் வெளியூர்த் தம்பதி. மனைவிக்கு ஏழாம் மாதம். சமையலறை ஜன்னலை அவள் திறந்து மூடியதுமே தரகருக்குத் தெம்பு வந்துவிட்டது. குழாயைத் திறந்து பார்க்கிறவர்கள் பேரம் பேசுவார்கள், ஜன்னலைத் திறந்து பார்க்கிறவர்கள் வாங்குவார்கள். இருபது வருடத்தில் இந்தக் கணக்கு பிசகியதில்லை.

"பாதிச் சுவர் வரைக்கும் பழுப்பு அடிச்சிருக்கறது நல்லாருக்கு. இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் இருக்கே?"

"இந்த ஊர் பேஷன்மா," என்றார் தரகர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் அந்த யோசனை அவருடையதுதான். ஒரு வீட்டில் மட்டும் அடித்தால் சந்தேகம் வரும் என்று தெருவையே அடிக்க வைத்திருந்தார்.

நர்ஸம்மா அருகில் வந்தார். நாடி பார்ப்பதுபோல அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, பழுப்பு முடியும் இடத்தில் அவள் உள்ளங்கையை வைத்தார். அது அவள் மார்புயரம் இருந்தது.

"பேஷன் இல்ல கண்ணு. போன வருஷம் தண்ணி இதுவரைக்கும் நின்னுச்சு. அதுக்கு முந்தின வருஷமும்தான். கைக்குழந்தைய வச்சுக்கிட்டு பரண் ஏற முடியாது."

கணவன் தரகர் பக்கம் திரும்பினான்.

"மத்த வீடுங்க?"

தரகர் அதே தெருவில் இன்னும் மூன்று வீடு காட்டுவதாக இருந்தார். நர்ஸம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெருவுக்கே இதுதான் சார்," என்றார் தரகர்.

அவர்கள் போன பிறகு தரகர் சுவரில் சாய்ந்து நின்றார். "உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கிட்டீங்களேம்மா."

"முப்பது வருஷம் பிரசவம் பாத்திருக்கேன் தம்பி. அந்தப் புள்ளைய இங்க விட்டுட்டு மேட்டுல போய் எனக்குத் தூக்கம் வருமா?"

தரகர் கோபப்படத்தான் நினைத்தார். வரவில்லை. எத்தனையோ வீடு விற்றவருக்கு, விற்காமல் போன இந்த வீட்டின் சொந்தக்காரியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கும்பிடவும் கூச்சமாக இருந்தது.

வெளியே தூறல் பிடித்தது. நர்ஸம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அரிசி டின்னை ஏணிப் பக்கம் இழுக்கத் தொடங்கினார்.

"நீங்க ஏறாதீங்கம்மா," என்றார் தரகர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறினார். பரணில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் கீழே நீட்டினார்.