ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல்

புதன்கிழமை சாயங்காலம் என் ராணியை ஓரத்து வரிசைக்குக் கொண்டுபோய் வைத்தேன். மாமனாரின் ராஜாவுக்கு இனிப் போக்கிடம் இல்லை. எதை நகர்த்தினாலும் மிஞ்சி மிஞ்சிப் போனால் மூன்று நாள். எட்டு வருஷத்தில் அவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை நான்.

எங்கள் வீட்டுச் சதுரங்கம் அப்படித்தான், ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல். பலகை ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். காலையில் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கக் கிளம்புமுன் மாமனார் ஒரு காயை நகர்த்துவார். பகலெல்லாம் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து நான் ஒன்று. கடை அவருடையது, வீடு அவருடையது. நான் வீட்டோடு மாப்பிள்ளை.

வேறு ஊரில் ஒரு லென்ஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்லவேண்டும். அப்பா வாயால் சரி என்று சொல்லாமல் வரமாட்டேன் என்றுவிட்டாள் மனைவி. மூன்று வாரத்துக்கு முன்பே அவரிடம் பேச்சை எடுத்தேன். "ஆட்டம் போய்க்கிட்டிருக்கே மாப்ள. முடியட்டும், உக்காந்து பேசுவோம்" என்றார். கோபமே இல்லாத குரல்.

"பேசாம தோத்துடுங்களேன்," என்றாள் மனைவி அன்றைக்கு. "நாலு நாள்ல முடிஞ்சிடும்."

கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் கோட்டை கட்டி ராஜாவை வலது மூலையில் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார். என் ஓரத்துச் சிப்பாய் பாதி வழி போயிருந்தது. முன்பெல்லாம் அவசரக்குடுக்கையாக ராணியை முதலில் இறக்கித்தான் மாட்டிக்கொள்வேன். இந்தத் தடவை பொறுமையாக ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சிப்பாயை வெட்டக் கொடுத்து ஓரத்து வரிசையைத் திறந்தேன். யானை அதன் அடியில் நின்றது. குதிரை பக்கத்தில் வந்து உட்கார ஐந்து நாள் ஆனது. கடையில் வாடிக்கையாளர் முன்னால் 'சொல்லிக்குடுத்தாத்தான் செய்வாரு எங்க மாப்ள' என்று அவர் சிரிக்கும்போதெல்லாம் அந்தக் குதிரையை நினைத்துக்கொள்வேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்த மூன்று வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

வியாழக்கிழமை வந்து பார்த்தேன். அவர் காய் எதுவும் நகரவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே.

"மாமா, உங்க ஆட்டம்."

"யோசிக்கணும் மாப்ள. இக்கட்டுல விட்டுட்டீங்களே." சட்டை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "இவ்ளோ நாள்தான்னு கணக்கு ஒண்ணும் இல்லையே நமக்கு."

கடிகாரம் வைத்து ஆடியதில்லை நாங்கள். கெடு என்று ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. அவர் ராஜாவை மூலையில் அடைத்துவிட்டேன் என்று ஊர் மெச்சக் காத்திருந்தவன் நான். அவரோ அங்கேயே சௌகரியமாகக் காலை நீட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை கடை அரைநாள். நாலரை மணிக்கு மனைவி அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் ஃப்ரிட்ஜ் அருகே போய் என் ராஜாவைப் படுக்கவைத்தேன். தோற்றவன் செய்வது அதுதான். வாய்க்கு எட்டியதை நானே கீழே தள்ளியது போல இருந்தது. ஆனாலும் ஆட்டம் முடிந்தது.

"மாமா, கொஞ்சம் வாங்க. நான் விட்டுக்குடுத்துட்டேன்."

துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். பலகையைக் குனிந்து பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"ஜெயிக்கிற ஆட்டத்தப் போய் யாராவது விடுவாங்களா," என்றார். "கை பட்டு விழுந்திருக்கும்."

என் ராஜாவை எடுத்து அதே கட்டத்தில் நிறுத்தினார். சற்றுக் கோணலாக இருந்ததோ என்னவோ, கட்டத்தின் நடுவுக்கு வரும்வரை ஒற்றை விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.