வெட்டிய கண்ணிகள்

சைக்கிளுக்குச் செயின் மாட்டுவதற்கென்றே சீக்கிரம் எழுந்து, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் குறடும் கையுமாக வாசலுக்கு வந்தவள், சைக்கிளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நேற்று அவள் வாங்கிவந்து அட்டைப்பெட்டியோடு அலமாரியில் வைத்த புதுச் செயின் அதற்குள் சைக்கிளில் ஏறியிருந்தது. கொடிக்கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது.

பக்கத்தில் கணவன். கையில் டீ டம்ளர், முகத்தில் ஒரு சபாஷை எதிர்பார்க்கும் களை.

"ராத்திரி நீ தூங்குனப்புறம் மாட்டிட்டேன். தொளதொளன்னு தொங்குச்சு, கொஞ்சம் கண்ணிய வெட்டிட்டேன். இப்ப பாரு, கும்முனு இருக்கு."

அவன் ஓட்டிப் பழகியதெல்லாம் கியர் இல்லாத சைக்கிள். அதற்குத்தான் இறுக்கம் அழகு. இந்தக் கியர் சைக்கிளில், பின்சக்கரத்தின் சின்னப் பல்லில் தொங்குகிற மிச்சம்தான் பெரிய பல்லுக்கு ஏறும்போது வேண்டிய நீளம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்டால்தானே! பழைய செயினை மிதிகட்டைப் பக்கத்துப் பல்சக்கரத்திலிருந்து விரலால் இழுத்து, பல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்தவள் அவள். கடை கடையாக ஏறி வாங்கியவளும் அவள். வெட்டுவதற்கு மட்டும் துரை வந்துவிட்டார்.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. மேட்டுப் பக்கம் முழுக்க அவள் பொறுப்பு. பழைய செயின் வழுக்கி வழுக்கி, போன வாரமே தாமதம். இன்னொரு தடவை என்றால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று மேற்பார்வையாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"மேடு ஏறப் பெரிய பல்லு வேணும். இதுல போட்டா கியரே பிச்சுக்கிட்டு வந்துடும்."

"அப்ப பெரிய பல்லுக்குப் போகாத. அவ்வளவுதானே?"

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. முந்தைய வேலையிலும் இப்படித்தான். இனி இவள் வரமாட்டாள் என்று அவனே போன் போட்டுச் சொல்லிவிட்டு வந்து, உனக்கு ஓய்வு வேண்டுமே என்றுதான் என்றான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்த தன்மீதே இப்போது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டாள். பழைய செயினோடு சேர்த்துக் குப்பையில் போட்டானாம். குப்பை வண்டியும் இப்போதுதான் வந்து போயிற்றாம்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து செயினைப் பிரித்தாள். தொய்வை இழுத்துப் பிடிப்பதற்காகப் பின்சக்கரத்தின் அடியில் தொங்கும் கியர் கையிலிருந்து அதை உருவினாள். முன்னால் இருக்கும் ஒற்றைப் பல்சக்கரம், பின்னால் இருக்கும் பெரிய பல், இரண்டையும் சுற்றி நேராக வளைத்தாள். அளவெடுப்பது இப்படித்தான். இரண்டு முனையும் தொட்டு, அதற்கு மேலும் இரண்டு கண்ணி மிஞ்ச வேண்டும். இங்கே தொடவே இல்லை. நடுவில் இரண்டு விரல் நுழையும் போலிருந்தது.

"டம்ளர வைங்க. இங்க வந்து ரெண்டு முனையையும் பிடிங்க. இப்ப சேருங்க."

ஆபீஸ் சட்டையோடு மண்டியிட்டு இழுத்தான். சட்டைக் கையில் எண்ணெய் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

"சேரலையே."

"சேராது. இனிமே என் வேலைல கை வெச்சீங்கன்னா நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன். நல்லா காதுல வாங்கிக்கங்க."

ஊசிப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தாள். வெறும் வயிற்றோடு எத்தனை கிழங்கள் காத்திருக்குமோ. நடந்தால் கட்டாயம் தாமதம். ஓடத் தொடங்கினாள்.

தெருமுனையில் அவன் குரல் எட்டியது.

"ஏம்மா... இத விட்டுறட்டுமா?"

திரும்பிப் பார்த்தாள். கைக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, அவன் இன்னும் மண்டியிட்டே இருந்தான்.