மருதோன்றிக் கை

கயெத்தானோ தன் தாயை அடிக்கும்போது சத்தம் போடமாட்டான். கதவையும் சாத்தமாட்டான். நானும் அம்மாவும் குசினியில் நிற்பது அவனுக்குத் தெரியும். கதிரைகள் நிற்கின்றன, நாங்களும் நிற்கிறோம், அவ்வளவுதான் அவனுக்கு. முதலில் மோதிரம் படும். பிறகு கை. பிறகு அவன் தாய் சிஞ்ஞோரா நின்ஃபாவின் மூக்கிலிருந்து ஒரு காற்று மட்டும் வரும்.

சிஞ்ஞோராவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வியா மக்வேதாத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் அவரது வீடு. அந்தக் கட்டிடத்தில் மற்ற வீடுகள் எல்லாம் உல்லாசப் பயணிகள் தங்கும் அறைகளாக மாறிவிட்டன. படிகளில் எந்நேரமும் சில்லுப் பெட்டிகள் தடதடக்கும். இந்த வீட்டையும் அப்படி மாற்றவேண்டும், தாய் முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டும் என்பதுதான் கயெத்தானோவின் கதை. சிஞ்ஞோரா மாட்டேன் என்றார். அதற்குத்தான் அடி.

என் அம்மா புனிதமலர் அங்கே வேலை செய்கிறாள். சிஞ்ஞோரா அவளைப் புனி என்று கூப்பிடுவார். கயெத்தானோ சிங்கலேஸெ என்று கூப்பிடுவான். நாங்கள் மன்னார்த் தமிழர், சிங்களவர் இல்லை என்று சிஞ்ஞோரா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அம்மாவோடு, நாங்கள் குடியிருக்கும் பிரான்காச்சோவிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். வகுப்பில் எழும்பி நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. சிஞ்ஞோரா வீட்டில் குரல் தேவைப்படவில்லை.

சிஞ்ஞோரா ஒரு காலத்தில் வருடம் முழுவதும் கடலில் கிடந்தவர். நெற்றியில் ஒரு மச்சத்தை வெட்டி எடுத்த டாக்டர் இனி வெயிலே கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முகத்துக்கு ஒரு கிறீம். பூசும்போது வெள்ளையாக இருக்கும். சில மணித்தியாலத்தில் வெயிலில் காய்ந்ததுபோல் தோல் மண்ணிறமாகும்.

"உலகம் முழுக்க வெள்ளையாகிறதுக்குக் கிறீம் பூசுதுகள்," என்று அம்மா சிரிப்பாள். "இந்த மனுசி கறுக்கிறதுக்குப் பூசுது. என்னட்டைக் கேட்டிருந்தாச் சும்மாவே குடுத்திருப்பன்."

முன்பு சிஞ்ஞோரா தானே பூசினார். கயெத்தானோ கையை முறுக்கிய பிறகு அவரால் வலது தோளை உயர்த்த முடியவில்லை. அதனால் நான் பூசத் தொடங்கினேன். வயதான தோலில் கண்டபடி பூசமுடியாது. முதலில் இளஞ்சூட்டுத் துணியால் மெதுவாகத் துடைத்து, காய்ந்த தோலை எடுக்கவேண்டும். மூக்கோரம், புருவம், வாயைச் சுற்றிய கோடுகளுக்கு முதலில் வேறு எண்ணெய்க் கிறீம். பிறகு நிறக் கிறீமில் பயறு அளவு எடுத்து, அதையும் எண்ணெய்க் கிறீமோடு கலந்து, சுருக்கங்களை விரலால் இழுத்துப் பிடித்து, மெல்லிசாகத் தடவவேண்டும். இல்லாவிட்டால் சுருக்கத்துக்குள் இறங்கி, பேனையால் கோடு போட்டதுபோல் கறுத்துவிடும். முடிந்ததும் கையைச் சவர்க்காரத்தால் கழுவவேண்டும். நான் பூசும்போது சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டிருப்பார். என் விரல் தாடைக்கு வரும்போது மட்டும் கழுத்து இறுகும்.

ஒலிவா என்று அவருக்கு ஒரு மகள் வட இத்தாலியில், தொரினோவில் இருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலோர உணவகம் ஒன்றில், எல்லோரும் ஒன்றாக மதியச் சாப்பாடு. சனிக்கிழமை பிற்பகல் அம்மா என்னைப் பாணும் பெருஞ்சீரகக் கிழங்கும் வாங்க அனுப்பினாள். திரும்பி வந்தபோது சிஞ்ஞோரா குசினிக் கதிரையில் இருந்தார். முகம் முழுக்க வெள்ளையாக, தடிப்பாக, கேக்குக்கு ஐசிங் பூசியதுபோல் இருந்தது.

"அம்மா! இதென்ன வேலை?"

"ஏன்? நாளைக்கு மகள் வாறா. வடிவாப் பிடிக்கட்டும் எண்டு கொஞ்சம் கனக்கப் பூசினனான்."

"இது அப்பிடிப் பூசுறதில்லை. துடைக்க வேணும், கெதியா."

"துடைக்கிறதோ? மருதோன்றியைக் காயமுதல் துடைப்பியோ நீ? கையில எவ்வளவு தடிப்பா வைக்கிறமோ அவ்வளவுக்குச் சிவக்கும். பேசாமல் இரு. நீங்கள் அசையாதேங்கோ, சிஞ்ஞோரா. ஃபெர்மா, ஃபெர்மா."

நான் துணியை நனைத்துக்கொண்டிருந்தேன். கதவில் திறப்புத் திரும்பியது.

கயெத்தானோ நேரே குசினிக்குள் வந்தான். தாயின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"கார்னிவாலோ, மம்மா? நல்லது. நாளைக்கு ஒலிவாவுக்கு உன்ரை வாயாலை சொல்லு. நான் இல்லத்துக்குப் போறன், எனக்கு அதுதான் விருப்பம் எண்டு."

"சொல்லமாட்டன்."

"அப்ப நான் ஒண்டு சொல்லுவன். உன்ரை கையிலை இருக்கிற கண்டல் காயம் எல்லாம் இந்தச் சிங்கலேஸெ அடிச்சது எண்டு. உனக்கு மறதி, உன்ரை சொல்லை ஆர் நம்புவினம்? குவெஸ்தூராப் பொலிஸ் இவளின்ரை வதிவிடப் பெர்மெஸ்ஸோவைக் கிழிச்சுப்போட்டு ஊருக்கு அனுப்பும். பிள்ளையையும் சேர்த்து."

"புனி என்னைத் தொட்டதில்லை. தொட்டது நீ."

அவன் அடித்தான். இந்தமுறை கை பட்டதும் எடுக்கவில்லை. கன்னத்தில் அப்படியே வைத்து அழுத்தி, தலையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தான். கதிரையின் முன்கால்கள் நிலத்தைவிட்டு எழும்பின. சிஞ்ஞோராவின் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அம்மா "மாதாவே!" என்று கத்திக்கொண்டு அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பி மறுகையால் ஒரு தள்ளுத் தள்ளினான். அம்மாவின் பின்தலை கழுவுதொட்டியின் பளிங்கு விளிம்பில் மோதியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நான் துணியோடு நின்றேன். துணியிலிருந்து நீர் என் காலில் சொட்டியது.

கயெத்தானோ தன் கையைப் பார்த்தான். "என்ன சனியன் இது," என்றான். என் தோளில் கிடந்த காய்ந்த துவாயை உருவி, கையைத் துடைத்து, என் முகத்தில் எறிந்துவிட்டுப் போனான்.

சிஞ்ஞோரா எழும்பி, ஒரு காலில் செருப்போடு தன் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். நான் தட்டினேன், அம்மா தட்டினாள். "கழுவவேணும், சிஞ்ஞோரா." சாவித் துவாரத்தால் பார்த்தேன். ஜன்னலோரச் சாய்கதிரையில் நிமிர்ந்து, அசையாமல் இருந்தார். அசையாதேங்கோ என்று அம்மா சொன்னதை இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது அவரே கதவைத் திறந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

முகம் தேயிலைச் சாயத்தில் ஊறியதுபோல் கறுத்திருந்தது. வாயோரக் கோடுகள் இன்னும் கறுப்பு. அந்தக் கறுப்பின் நடுவே, இடது கன்னத்தில், ஒரு கை வெளிறிக் கிடந்தது. ஐந்து விரலும் தெரிந்தன. மோதிர விரலின் அடியில் மட்டும், தோல் உரசுப்பட்டு, நாட்டுக்கோழி முட்டை நிறத்தில் ஒரு வளையம். அவன் கை கிறீமை அள்ளிக்கொண்டு போன இடம் அது.

"எனக்கெண்டே வைச்ச முத்திரை," என்று அம்மா அழுதாள். "இனி அவன் சொல்லுறதை ஆர் நம்பாமல் விடுவினம்? இஞ்சை பார் என்ரை கையை."

அம்மாவின் உள்ளங்கைகள் இரண்டும் செம்மண் நிறமாகியிருந்தன. வெறுங்கையால் பூசி, தலையில் அடிபட்ட மயக்கத்தில் கழுவ மறந்துவிட்டாள். நான் ஒரு தேசிக்காயை வெட்டிச் சீனியில் தோய்த்தேன்.

"தேய்ச்சாப் போயிடும், அம்மா. ஃபோனிலை போட்டிருக்கு."

அம்மா கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "விசரி! மருதோன்றிக்குத் தேசிக்காயும் சீனியும் போடுறது எதுக்கு? இன்னும் சிவக்கிறதுக்கு. என்னை மறியற்சாலைக்கு அனுப்பத்தானோ பாக்கிறாய்?"

சிஞ்ஞோராவின் முகத்தில் நான் மா பூசிப் பார்த்தேன். கறுப்பு சாம்பலாகியது, கை அப்படியே இருந்தது. அவர் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்துவிட்டுப் பெரிய கறுப்புக் கண்ணாடியையும் கழுத்துச் சால்வையையும் கேட்டார். வாடகைக் காரில் அவர் எங்கள் நடுவில் ஏறிக்கொண்டார். அம்மாவின் கையைப் பிடித்தபடி இருந்தார்.

கயெத்தானோ விமான நிலையத்தில் ஒலிவாவை ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்பே வந்திருந்தான். கடலைப் பார்த்த மேசை. நடுவில் ஒரு பெரிய தட்டில் அவித்த மட்டி, சுற்றிவர வெட்டிய தேசிக்காய்த் துண்டுகள். கயெத்தானோ இடக்கையால் பாண் பிய்த்துக்கொண்டிருந்தான். வலக்கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. தாயை முத்தமிட எழும்பியபோதும் அதை வெளியே எடுக்கவில்லை.

"மம்மா, உள்ளுக்கும் இதென்ன கண்ணாடி?" என்று ஒலிவா சிரித்துக்கொண்டு கழற்றினாள். சால்வை வழுகியது.

ஒலிவாவின் சிரிப்பு நின்றது. பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தமும் நின்றது. கயெத்தானோ அந்தக் கன்னத்தைப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. பைக்குள் இருந்த கை இன்னும் கீழே இறங்கியது. பிறகு பாய்ந்து, இடக்கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, உள்ளங்கையை விளக்குக்கு நேரே தூக்கினான்.

"பார், ஒலிவா! அதே நிறம்! எத்தனை தரம் சொன்னனான்? மம்மாவின்ரை கையெல்லாம் கண்டல். ஆர் செய்தது? இந்தச் சிங்கலேஸெ. அவளின்ரை கை அவளையே காட்டிக்குடுத்திட்டுது."

"நோ, சிஞ்ஞோரா, நோ," என்றாள் அம்மா ஒலிவாவைப் பார்த்து. இத்தாலியன் எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. "நான் பூசினது மட்டும்தான். ஜெனு, சொல்லு பிள்ளை. சொல்லன்."

ஒலிவா ஃபோனை எடுத்தாள். "மம்மா, இவளோ? இவளோ உங்களை அடிச்சது?"

சிஞ்ஞோரா மட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டலைப் பற்றி யார் கேட்டாலும் அவர் விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்லுவார். இப்போது அதையும் சொல்லவில்லை. கயெத்தானோ இன்னும் முறுக்கினான், அம்மா முழங்காலில் விழுந்தாள். நான் அவனுடைய காற்சட்டைப் பையைப் பார்த்தேன். வகுப்பில் எழும்பி நிற்பதுபோலவே நின்றேன். அம்மாவின் தலையின் பின்புறம், நேற்றைய வீக்கத்துக்கு மேலே, முடி சிக்காகி ஒட்டியிருந்தது.

"மற்றக் கை," என்றேன். இத்தாலியனில்தான் சொன்னேன். கேட்கவில்லைப்போல் இருந்தது. மறுபடி சொன்னேன். "அவரின்ரை மற்றக் கையை எடுக்கச் சொல்லுங்கோ."

ஒலிவா என்னைப் பார்த்தாள். பிறகு தமையனைப் பார்த்தாள். "கையை எடு, கயெத்தா."

"இந்தக் குரங்குக் குட்டி சொல்லி நான்..."

"எடு."

எடுத்தான். எடுத்த கை முட்டியாக என் வாய்க்கு வந்தது. பல் உதட்டைக் கிழித்தது. நான் பக்கத்து மேசையில் விழுந்தேன், போத்தல்கள் என்மேல் உருண்டன. எழும்புவதற்குள் அவன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அம்மா ஓடிவந்து அவன் காதைப் பிடித்துக் கடித்தாள். என் அம்மா ஒருவரைக் கடித்து நான் கண்டதில்லை. அவன் தட்டைத் தூக்கி அவள் முதுகில் அடித்தான். மட்டி ஓடுகள் எங்கும் சிதறின. பரிமாறுகிறவன், குசினியிலிருந்து வந்த கொழுத்த சமையல்காரன், யாரோ இரண்டு மீன்காரர், எல்லோரும் சேர்ந்து அவனை மேசையோடு குப்புற அழுத்தினார்கள். அவன் முகம் உடைந்த ஓடுகளுக்குள் கிடந்தது. வலது முட்டியைச் சமையல்காரன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

உள்ளங்கை செக்கச் சிவந்திருந்தது.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நிலத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "பார் ஜெனு," என்றாள் தமிழில். "மாப்பிளைக்கு மருதோன்றி நல்லாப் பிடிச்சிருக்கு."

"இவளுக்கும் அப்பிடித்தானே!" என்று கயெத்தானோ மேசைக்குள் கத்தினான். "இவளுக்கும் அதே நிறம்தானே!"

ஒலிவா அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கி, தாயின் கன்னத்தில் வைத்தாள். அம்மாவின் கை சின்னக் கை. வெளிறிய விரல்கள் அதற்கு அப்பாலும் காதுவரை நீண்டு கிடந்தன. ஒலிவா கையை எடுத்தாள். தமையன் பக்கம் திரும்ப அவளால் முடியவில்லை.

சிஞ்ஞோரா எழும்பினார். கதிரையைத் தானே பின்னால் தள்ளினார். ஓடுகளை மிதித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். அவர்கள் விரித்துப் பிடித்திருந்த கையின்மேல் குனிந்து, தன் இடது கன்னத்தை அதில் வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு மகனின் கையில் தலை சாய்த்த தாயாகத்தான் தெரிந்திருக்கும். விரலுக்கு விரல் பொருந்தியது. மோதிரம் அந்த வளையத்தில் போய் இருந்தது.

"இந்தக் கைதான்," என்றார், கன்னத்தை எடுக்காமலே. "புனி இல்லை. தோளும் இவன்தான். எல்லாம் இவன்தான். கூப்பிடு, ஒலிவா. நான் சொல்லுறன்."

கயெத்தானோவின் விரல்கள் மடங்கப் பார்த்தன. சமையல்காரன் விடவில்லை.

கராபினியெரிப் பொலிஸ் வரும்வரை எங்களைச் சுவரோரம் இருத்தினார்கள். ஒலிவா ஐஸ் சுற்றிய துணியை என் வாயில் வைத்துவிட்டுத் தாயிடம் போனாள். அம்மா நிலத்தில் கிடந்த ஒரு தேசிக்காய்த் துண்டை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உள்ளங்கையில் தேய்த்தாள், திரும்பத் திரும்ப, கீறல்களில் எரிய எரிய. விழுந்து கிடந்த சிஞ்ஞோராவின் சால்வை நுனியால் துடைத்து விளக்கில் பிடித்தாள்.

"சிவக்கேல்லையடி," என்றாள். "வெளிக்குது."

நான் அப்பவே சொன்னனான் என்று சொல்ல நினைத்தேன். வாய் நிறைய இரத்தம்.