ஓசிச் சரக்கு

ஆபீசில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ஃபார்முலா சார் என்பார்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் எந்தக் கூட்டல் உதைத்தாலும் என் மேஜைக்குத்தான் ஓடி வருவார்கள். அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க வெளியாள் யாரும் வரவில்லை, என் கொழுந்தியாளே வந்தாள்.

சரக்கு அனுப்பும் பிரிவில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குள் மேனேஜர் அம்மாவிடம் போய், காசு கொடுத்து வாங்குவதற்குப் பதில் இலவச ஸ்ப்ரெட்ஷீட்டே நமக்குப் போதும் என்று சொல்லியிருக்கிறாள். சரி, ஒரே ஃபைலை இரண்டிலும் திறந்து காட்டுங்கள் என்று அவர் எல்லோரையும் மீட்டிங் அறையில் கூட்டிவிட்டார்.

முதலில் அவள் காட்டினாள். லாரிவாரிப் பட்டியல் திறந்தது, கூட்டல் பிசகவில்லை, கட்டங்களின் நிறம்கூட மாறவில்லை. ஒரே அழுத்தில் மொத்தக் கணக்கும் போட நான் எழுதி வைத்திருந்த மேக்ரோ பட்டன் மட்டும் அழுத்த அழுத்த அசையவில்லை.

"பாத்தீங்களா மேடம்! ஓசிச் சரக்கு இப்படித்தான் காலை வாரும். முறையா காசு குடுத்து வாங்கினதுக்கு ஈடாகுமா? நம்ம ஆபீஸ் என்ன சத்திரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"அந்தப் பட்டனை மட்டும் திருப்பி எழுதிடலாம் மாமா."

"ஆமா, நீ எழுதிக் கிழிச்சே!"

என் கம்ப்யூட்டரைத் திரையில் மாட்டினேன். ஃபைல் திறந்தது. அதன் தலைமேல் சிவப்பாக ஒரு பட்டை: இந்தப் பிரதிக்கு உரிமம் இல்லை. சுவர் அகலத்துக்கு! மூடினேன், மறுபடி வந்தது. போன மாதம் புது கம்ப்யூட்டர் வந்தபோது, ஆபீசில் கேட்டு வாங்கச் சோம்பல்பட்டு, நண்பனின் பென்டிரைவிலிருந்து நானே ஏற்றிய சாஃப்ட்வேர் அது. தினமும் பார்த்துப் பார்த்து, அந்தப் பட்டை இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"திருட்டு சாஃப்ட்வேர் போட்டா வேலை போயிடும்னு சொல்லியிருக்கேன்ல? யார் போட்டது இதை?" என்றார் மேனேஜர் அம்மா.

கொழுந்தியாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அக்காவும் பிள்ளைகளும் அவள் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"நான்தான் மேடம். மாமாவோட கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஏத்திக் குடுத்தது நான்தான். தெரியாம பண்ணிட்டேன்."

சொல்லுடா, இப்பவாவது சொல்லித் தொலைடா என்று மனசு அடித்துக்கொண்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து நின்று வாயைத் திறந்தேன்.

"சின்னப் பொண்ணு மேடம். இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க."

மேனேஜர் அம்மா என்னைப் பார்த்தார்.

"உங்க முகத்துக்காக வீட்டுக்கு அனுப்பாம விடறேன் சார். ஆனா வேலை நிரந்தரம்கிற பேச்சே இனி எடுக்கக் கூடாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா நிக்கிற? உங்க மாமாவுக்கு தேங்க்ஸ் சொல்லு."

அவள் சொன்னாள்.