மெலிந்தவரின் கொழுப்பு

கலியாணத்துக்குத் தைத்த காற்சட்டை அம்பிகைபாகனுக்கு இன்றைக்கும் அளவாக இருந்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் அவர் ஒரு சுற்றுகூடப் பெருக்கவில்லை. கண்டியை அடுத்த அம்பிட்டியவில், மலைமேல் இருக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் ஏதோ ஒரு சாட்டில் இந்தக் கதை வெளியே வந்துவிடும். வந்த கையோடு அவருடைய பார்வை மனைவி பத்மாதேவியின் பக்கம் திரும்பும்.

பத்மாதேவி நல்ல பருமன். கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். முச்சக்கர வண்டியே மூச்சுவாங்கும் வீட்டு ஏற்றத்தில் இரண்டு கையிலும் சந்தைப் பையோடு ஏறி வருவார். அம்பிகைபாகன் கதிரையில் சாய்ந்து பிளேன்டீயில் பிஸ்கற்றைத் தோய்த்தபடி அவரை வரவேற்பார். சாப்பாட்டு மேசையில் பத்மாதேவி இன்னொரு இடியப்பத்துக்குக் கை நீட்டினால் மெல்லத் தொண்டையைச் செருமுவார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதியவர்களின் தசையையும் கொழுப்பையும் பற்றி ஓர் ஆய்வு நடப்பதாகப் பத்திரிகையில் பார்த்ததும், இருவர் பெயரையும் அவர்தான் பதிந்தார். தான் சொன்னால் கேட்காத மனைவி மெசின் சொன்னால் கேட்பாள் என்பது அவருடைய எண்ணம்.

ஆளுக்கொரு தடவை மேசையில் படுக்க வைத்துப் படம் பிடித்தார்கள். ஆய்வு செய்யும் இளம் வைத்தியர் மின்ஹா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். சிவப்பு தசை, மஞ்சள் கொழுப்பு. ஒரு படத்தில் தொடைகள் பீற்றூட் கிழங்குபோலச் சிவந்து திரண்டிருந்தன. மற்றதில் கைகாலெல்லாம் மெல்லிய சிவப்புக் கோடு, வயிற்றுக்குள் மட்டும் மஞ்சள் அப்பிக் கிடந்தது.

படம் மாறிவிட்டதா என்று அம்பிகைபாகன் மரியாதையாகக் கேட்டார்.

"மாறல்ல அங்கிள்," என்றார் மின்ஹா. "மஞ்சள் வயிறு உங்கட. சிவப்புத் தொடை அன்ட்டிட."

வேலை கொடுக்காத தசை வயது போகப் போகக் கரையும், அந்த இடத்தில் கொழுப்பு வந்து குடியேறும், நிறை மாறாததால் தராசுக்கும் காற்சட்டைக்கும் அது தெரியவே தெரியாது என்று மின்ஹா விளக்கினார். சாப்பாட்டிலிருந்து வரும் சீனியில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் சீனி இரத்தத்தில் தேங்கும், மிஞ்சியது ஈரலிலும் வயிற்றிலும் கொழுப்பாகச் சேரும். அன்ட்டி தன் உடம்பையே தினமும் மலை ஏற்றுவதால் தசை கரையாமல் நிற்கிறது என்றார். அன்ட்டியும் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று மின்ஹா சேர்த்துச் சொன்னது பத்மாதேவியின் காதில் சரியாக விழவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பத்மாதேவி வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார். கெட்டம்பே தாண்டும்போது முடியாமல் போயிற்று.

"உங்களுக்குக் கொழுப்பு எண்டு நான் கலியாணம் கட்டின நாளிலயிருந்து சொல்லிறன்," என்றார். "இண்டைக்குத்தான் சாட்சி கிடைச்சிருக்கு."

பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்பிகைபாகன் யன்னலுக்கு வெளியே முகத்தை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தவர், கையை ஊன்றாமல் எழும்பிப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு தடவையும் முடியவில்லை. சமையலறை வாசலில் நின்ற பத்மாதேவிக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

"தூக்கிறதுக்கு எனக்கும் ஏதாவது தாரும்," என்றார் அம்பிகைபாகன்.

பத்மாதேவி இரண்டு போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். பிஸ்கற் பெட்டி அலுமாரிக்குள் போயிற்று. முட்டையும் மீனும் பருப்பும் சாப்பாட்டுக் கோப்பைக்கு வந்தன. மின்ஹாவின் பயிற்சி வகுப்பில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ரப்பர் பட்டியை இழுத்தார்கள். சில வாரங்களில் அம்பிகைபாகனுக்குப் பயிற்சி விசர் பிடித்துவிட்டது. வங்கி வரிசையில் குதிக்காலை உயர்த்தி இறக்கினார். தொலைபேசியில் தம்பியோடு கதைத்துக்கொண்டே குந்திக் குந்தி எழும்பினார். மூச்சிரைப்பைக் கேட்ட தம்பி பயந்து அம்புலன்ஸுக்குச் சொல்லட்டோ என்று கேட்டார். பத்மாதேவியும் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். முழங்கால் நோவு குறைந்தது, இடுப்பில் சட்டை தொளதொளத்தது.

அடுத்த படத்தில் அம்பிகைபாகனின் சிவப்புக் கோடுகள் கொஞ்சம் தடித்திருந்தன. கொஞ்சம்தான் என்று மின்ஹா எச்சரித்தார். அவருக்கு அதுவே போதும். வழியில் வந்த முன்பின் தெரியாத ஒருவருக்கும் வணக்கம் சொன்னார்.

அன்று கண்டியிலிருந்து, வழக்கமாக அவர்களை ஏற்றிவரும் ரவிகுமாரின் முச்சக்கர வண்டியில் வீட்டுக்கு ஏறும்போது மழை கொட்டியது. பாதி ஏற்றத்தில் வண்டி இருமிவிட்டு நின்றது. ரவிகுமார் இறங்குவதற்குள், மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி அம்பிகைபாகனும் பக்கத்தில் பத்மாதேவியும் பின்னால் போய்க் கை வைத்துவிட்டார்கள். தள்ளத் தள்ள எஞ்சின் உறுமிப் பிடித்தது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று பயந்த ரவிகுமார் அவர்களை விட்டுவிட்டு ஒரே ஓட்டமாக மேலே போய்விட்டார்.

நடுரோட்டில், தலையிலிருந்து தண்ணீர் வழிய, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அம்பிகைபாகன். சிரித்தபடியே மதிலைப் பிடித்தார். பத்மாதேவி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற்றத்தில் விறுவிறென்று நடக்கத் தொடங்கினார். அம்பிகைபாகன் துரத்தினார்.

மேல் வளைவில் எஞ்சினை அணைக்காமல் ரவிகுமார் காத்திருந்தார். பத்மாதேவி வண்டியையும் தாண்டிப் போய்விட்டார். "மன்னிச்சுக்கங்க ஐயா, ஏறுங்க, வீட்டுல விட்டுர்றேன்," என்றார்.

அம்பிகைபாகன் மூச்சுவாங்கியபடி கையிலிருந்த குடையை வண்டிக்குள் போட்டார்.

"இதை மட்டும் கொண்டுபோய் வீட்டில வையும் தம்பி," என்றார். "நான் அவவைப் பிடிக்க வேணும்."