ஒன்றாகத் தொட்ட இருவர்

எங்கேயாவது கட்டையைச் சாய்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. நீச்சல் போட்டிக்கு நேரம் கணக்கிடும் புரோகிராமை எழுதிக் கொடுத்த பாவத்துக்கு, விடிந்ததிலிருந்து குளத்தோரம் குளோரின் வாடையில் லேப்டாப்போடு கிடக்கிறாள். ஒருவழியாக முடிந்தது. கடைசிப் பந்தயத்தில் அண்ணன் மகள் முதலாவதாக வந்தாள். மாவட்ட அணியில் மிச்சமிருந்த ஒரே இடமும் அவளுக்குத்தான். அப்பாடா என்று வயரைச் சுருட்டும்போது, இரண்டாவதாக வந்த பெண்ணின் பயிற்சியாளர் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. நேரம் காட்டும் பலகையைக் காட்டினார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் போட்டிருக்கே. அப்புறம் எப்படிம்மா ஒண்ணு முதல், ஒண்ணு ரெண்டாவது?”

அவள் புரோகிராமைத் திறந்தாள். பலகையில் காட்டும் இடத்தில், நொடியில் நூறில் ஒரு பங்கோடு நேரத்தை ஒழுங்காக வெட்டியிருந்தாள். யார் முந்தி என்று ஒப்பிடும் வரியில் வெட்ட மறந்து தொலைத்திருக்கிறாள். கடிகாரம் கொடுத்த ஒன்பது தசம இலக்கமும் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அதில்தான் அண்ணன் மகள் முந்தியிருக்கிறாள், மயிரிழை அளவு.

அந்த மயிரிழையை எவன் நம்புவது? குளம் கட்டின கொத்தனார் ஒரு தடத்தின் சுவரில் பூச்சைக் கொஞ்சம் அதிகமாகப் பூசியிருந்தாலே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். அதனால்தான் நூறில் ஒன்றுக்குக் கீழே பார்க்காதே, சமமானால் மறுபடி நீந்தவிடு என்று விதி.

பலகையில்தான் கோளாறு, உள்ளே நேரம் வேறு என்று ஒரு வார்த்தை சொன்னால் மனுஷன் போய்விடுவார். உள்ளே எட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் தெரியாது. அண்ணன் வேறு தள்ளி நின்று மகள் ஜெயித்ததைப் போனில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பொய் சொல்லக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டே நடுவரிடம் போய், தப்பு தன்னுடையது, இரண்டு பேரும் சமம் என்றாள்.

சொந்த அத்தையே குழி பறிப்பாளா என்று அண்ணன் கேட்டான். அவள் சுருட்டிய வயரை மறுபடி பிரித்து மாட்டினாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ஓய்வு கொடுத்து மறுபடி நீந்தவிட்டார்கள். அண்ணன் மகள் தோற்றாள். இந்தத் தடவை கடிகாரமே வேண்டியிருக்கவில்லை, ஒரு கை நீளம் பின்தங்கியிருந்தாள். அண்ணன் விறுவிறுவென்று போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். பெண் துண்டைப் போர்த்திக்கொண்டு அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“முதல் தடவை நிஜமா யாரு அத்தை முதல்ல தொட்டது?”

“ரெண்டு பேரும் ஒண்ணாத்தான்.”

“மெஷின் என் பேரைத்தானே சொல்லுச்சு?”

“சொல்லுச்சு. அதுக்கு வாய் கொஞ்சம் நீளம்மா. தெரியாததையும் சொல்லும்.”

பெண் சிரிக்கவில்லை. ஈரத் தலையை அத்தையின் தோளில் சாய்த்தது. வெளியே கார் ஹாரன் அடித்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.